பொருத்தனைத் தேனடை

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் "தங்கம்" என்று கூப்பிட்டதில்லை. தேனீக்களைக் கூப்பிடுவார். காலையில் பல் விளக்கின கையோடு கொய்யா மரத்தடிக்குப் போய், அங்கே இருந்த மூன்று பெட்டிகளுக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து, "என்ன தங்கம், குளிருதா? கொஞ்சம் பொறு, வெயில் வந்துரும்" என்று பேசுவார். எனக்குக் குளிருகிறதா என்று கேட்க எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு நாதி கிடையாது. தேத்தண்ணியை நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பெட்டி வாசலுக்கு நேரே நின்றுவிட்டால், "பாதைய மறைக்காத புள்ள" என்பார்.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். சரி, கொஞ்சம் பொறாமைதான். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவரைவிட நான்தான் அதிகம் பயந்தவள். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சுவர்.

தெமோதரைக்குக் கீழே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இவர் சின்ன வயதிலிருந்து அந்த ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஒரு நாள் ஸ்டோரை மூடிவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் கொழும்புக்குப் போனார்கள், கடை போட்டார்கள், ஆட்டோ வாங்கினார்கள். இவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுவார். கேட்டால் "ம்" என்பார். அவ்வளவுதான். நான் அப்போது பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பகலெல்லாம் அங்கே ஒரே அழுகையும் கத்தலும். வீட்டுக்கு வந்தால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தச் சுவரை இடித்துப் போட்டுவிடலாமா என்று இருக்கும். தோட்டத்துக்குச் சொந்தமான சுவர், இடிக்கவும் முடியாது.

ஹாலிஎலையில் தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், பெட்டியும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பெட்டி வந்தது. ஓடைக்கரை மரப்பொந்தில் இருந்த ஒரு கூட்டத்தைப் பிடித்து அதில் விட்டார்கள். அன்றைக்கே நான் சமையல்கட்டில் ஒரு இரும்புத் தாச்சியைக் கீழே போட்டுவிட்டேன். உடனே பின்பக்கத்திலிருந்து ஒரு குரல். "சத்தம் போடாத புள்ள! ராணி பயந்துக்கப் போவுது!" எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. திட்டுதான். நான் தாச்சியை எடுக்காமல் அப்படியே நின்று அழுதேன். அன்றைக்கு இன்னொரு தாச்சியையும் வேண்டுமென்றே போட்டேன் என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

பெட்டி ஒன்று மூன்றானது. பூசணி முன்பெல்லாம் பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் உதிரும். இப்போது கொடிக்கு நாலு காய் படுத்துக் கிடந்தது. மனிதர் வாயும் திறந்துவிட்டது, மூடுவதாக இல்லை. இந்தச் சோளத்தைத் தின்கிற சேனாப் புழு வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் இறங்கின வருஷம், எல்லோரையும் போல நானும் மருந்தடிக்கப் போனேன். இவர் பம்பைத் தூக்கி ஒளித்து வைத்துவிட்டார். "காலையில அடிச்சா எம் புள்ளைங்க செத்துப் போகும்" என்றார். எம் புள்ளைங்க! பெற்றவள் நான், கொழும்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இவர் ஃபோன் எடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அடுப்புச் சாம்பலைச் சலித்து, ஒவ்வொரு சோளச் செடியின் குருத்துக்குள்ளும் கரண்டியால் நான்தான் போட்டேன். பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து வாயில் பாணி மருந்து ஊற்றின அனுபவம் கைகொடுத்தது. இவர் பின்னால் வந்து, "அந்த மூலையில ஒண்ணு விட்டுட்ட" என்று மேற்பார்வை பார்த்தார்.

அந்தப் புழுவைப் பார்க்க வந்த விவசாயத் திணைக்களத்துப் பிள்ளைதான் தேனீ நோயைப் பற்றியும் சொன்னாள். சிங்களப் பிள்ளை, எங்கள் தமிழை எங்களைவிட நிதானமாகப் பேசுவாள். "ஐயா, சில தோட்டங்கள்ல தேனீப் புழுவுக்கு ஒரு நோய் வந்திருக்கு. புழு தலையைத் தூக்கிக்கிட்டு, தண்ணிப் பை மாதிரி ஊதிச் செத்துப் போகும். அதுக்கு மருந்து இல்ல. நோய் வந்த பெட்டி அடைய வேற எடத்துக்குக் கொண்டு போக வேணாம். தேன் இருக்கேன்னு பாக்க வேணாம். எரிச்சுப் புதைங்க. கையச் சோப்புப் போட்டுக் கழுவாம எந்தப் பெட்டியையும் தொட வேணாம்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மாட்டிக்கொண்டவள் நான். இவர் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய வெங்காய வலைப் பையில் சோப்பைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டார். கொய்யா மரத்துப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும் முழங்கை வரை கழுவ வேண்டும். தேத்தண்ணி கொண்டு போகிற நானும்தான். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் "கையக் கழுவு, கையக் கழுவு" என்று கத்திக் கத்தித் தொண்டை போனவள் நான். கடைசியில் என்னை நிற்க வைத்து நகத்தைப் பார்த்தார்.

இப்போது என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய அக்கா. ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தது. இவர் தன் கூட்டத்தைப் பிரித்து அவருக்கும் இரண்டு பெட்டி கொடுத்திருந்தார். பெரிய ஜெபக்காரி. சிக்னல் இல்லாத ஃபோனுக்குக்கூடக் கை வைத்து ஜெபம் பண்ணுவார், அது சில நேரம் கிடைத்தும் தொலைக்கும். அந்த நோய்ப் பேச்சு வந்ததிலிருந்து இவர் தினமும் அக்காவுக்கு ஃபோன் போட்டு, "பெட்டி எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். "எல்லாம் நல்லா இருக்கு தம்பி, ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பதில் வரும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நல்லா இருந்தால் எதற்கு ஜெபம்?

எங்கள் வேதக்கோவிலில் அறுப்புப் பண்டிகை வந்தது. அவரவர் தோட்டத்தில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். பூசணி, போஞ்சி, வாழைக்குலை, முட்டை, கால் கட்டின சேவல், எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டு போகாமல் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பார், அதை இன்னொருவர் எடுப்பார். ஒரே பூசணிக்காய் சபையில் பாதிப் பேர் மடியில் உட்கார்ந்து எழும்பிய பிறகுதான் யாராவது ஒருவர் வீட்டுச் சட்டிக்குப் போய்ச் சேரும். நாத்தனார் கல்யாணமாகிப் போனாலும் காணிக்கையை மட்டும் பிறந்த வீட்டுக் கோவிலுக்குத்தான் கொண்டுவருவார்.

அந்த வருஷமும் பஸ் ஏறி வந்தார். பித்தளைத் தட்டு, மேலே பின்னல் துணி. துணியை எடுத்தால் ஒரு முழுத் தேனடை. பீடத்துக்கு நடுவில், பூசணிகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்தார். அவர் தள்ளினது எங்கள் பூசணி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாட்கணக்கில் மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம் அது. காட்டில் ஒரு பூ கிடையாது. கோவில் ஜன்னல்கள் திறந்து கிடந்தன, எங்கள் கொய்யா மரமோ கோவிலுக்கு நேர் மேலே மேட்டில். போதகர் பிரசங்கம் ஆரம்பித்ததும் ஒரு தேனீ உள்ளே வந்தது. தேனடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அதன் சொந்தபந்தமெல்லாம் கூட்டமாக வந்தது. போதகர் நல்ல மனிதர், ஆனால் எதிரே எதைக் கண்டாலும் அதைப் பிரசங்கத்துக்குள் இழுத்துப் போடாமல் விடமாட்டார். "பாருங்கள், வாயில்லாத ஜீவன்களும் கர்த்தரை ஆராதிக்க வந்திருக்கின்றன!" என்றார். சபை முழுக்க "அல்லேலூயா" என்றது. நானும் சொன்னேன். நம் வீட்டுத் தேனீ என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இவரும் முதலில் பெருமையாகத்தான் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் "நம்ம புள்ளைங்க" என்று கையால் காட்டினார். பிறகு முகம் மாறியது. பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, நேரே பெண்கள் பக்கம் முன் பெஞ்சுக்கு வந்து அக்காவிடம் குனிந்தார்.

"அக்கா, இது எந்தப் பெட்டி அடை?"

"சீக்குப் பெட்டிதான் தம்பி. ரெண்டுலயும் புழுவெல்லாம் செத்துச் செத்துக் கிடக்கு. ஒனக்குச் சொன்னா பயந்துக்குவேன்னு சொல்லல. கர்த்தர் சுகமாக்கினா தாரேன்னு பேரம் பேசக் கூடாது பாரு, அதான் முன்கூட்டியே குடுத்துர்றேன்னு பொருத்தனை பண்ணிட்டேன்."

அடிப் பாவி! நோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு நோயையே தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், பஸ்ஸில், பின்னல் துணி போர்த்தி. எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், இவர் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். அது அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலத்து முகம்.

நான் எழுந்து ஓடினேன். கோவிலுக்குப் பின்னால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. முந்தானையால் மூடியைப் பிடித்துத் தூக்கினேன். "ஏய், சோறு, சோறு" என்று கத்தினவர்களை நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவி பறக்கிற மூடியோடு நடுவழியில் ஓடிப் போய்த் தேனடை மேல் கவிழ்த்தேன். காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று கொட்டியது. சபை எழுந்து நின்றது, பாட்டு எதுவும் அறிவிக்காமலே.

"அம்மா, என்ன இது?" என்றார் போதகர்.

"நோய் அடை பாஸ்டர். இதுங்க ஆராதிக்க வரல. திருட வந்திருக்கு. இந்தத் தேனைக் குடிச்சுட்டுப் போச்சுன்னா எங்க பெட்டியும் போயிரும்."

அல்லேலூயா சொன்னவர்கள் பைபிளால் தலையை மூடிக்கொண்டார்கள். அந்தச் சோறு வேகவில்லை என்ற பழி மட்டும் இன்றுவரை என் தலையில்தான் இருக்கிறது.

வெளியே வந்ததும் சண்டை. எரிக்க வேண்டும் என்றேன். நாத்தனார் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கர்த்தருக்குக் குடுத்தத நெருப்புல போடுறதா? ஒனக்கு என்ன பைத்தியமா?"

"ஏன் அண்ணி, அந்தக் காலத்துல ஆட்டையும் மாட்டையும் எரிச்சுத்தானே படைச்சாங்க? தகனபலின்னு நீங்கதானே எனக்குப் பாடம் எடுத்தீங்க? ஆட்ட எரிக்கலாம், அடைய எரிக்கக் கூடாதா?"

நாத்தனார் போதகரைப் பார்த்தார். போதகர் தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, "அதுவும் ஒரு காணிக்கைதான்மா" என்றார் மெதுவாக. "அப்ப நீங்க ஜெபம் பண்ணுங்க பாஸ்டர், எரிக்கட்டும்" என்று நாத்தனார் தட்டைக் கொடுத்தார். மூடிக்கு வெளியே விடுபட்ட தேனீக்கள் போதகரின் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் சபை கேட்டதிலேயே சின்ன ஜெபம் அதுதான்.

கோவிலுக்குப் பின்னால் குழி வெட்டி எரித்தோம். மெழுகு சடசடவென்று பிடித்தது. வருஷா வருஷம் தேன் ஏலத்துக்கென்றே வருகிற பதுளைக் கடைக்கார நானா, "யா அல்லாஹ், நல்ல தேனப் போட்டு எரிக்கிறீங்களே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே ஒரு மண்வெட்டி மண்ணை அள்ளிப் போட்டார். கடைசியில் எங்கள் பூசணியோடு வீட்டுக்குப் போனார்.

நாத்தனார் குழி ஓரத்தில் உட்கார்ந்து, "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று அழுதார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். ஆனால் இவர் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடவும் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு தினமும் பெட்டிகளைப் பார்த்தார். வாசலைக் குச்சி வைத்துச் சின்னதாக்கினார். ஒரு பெட்டியைத் தொட்ட கையால் அடுத்த பெட்டியைத் தொடவில்லை, சோப்பு கரைந்து கரைந்து நகத்தளவு ஆனது. இருந்தும் நடுப் பெட்டியில் ஒரு நாள் அது வந்துவிட்டது. அடையைத் தூக்கி எனக்குக் காட்டினார். வெள்ளை வெளேரென்று சுருண்டு கிடக்க வேண்டிய புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு பழுப்பாகச் செத்துக் கிடந்தன. பொழுது சாய்ந்து தேனீக்கள் எல்லாம் உள்ளே போகும் வரை காத்திருந்தார். பெட்டியோடு எரித்தார். நெருப்பு அணையும் வரை நின்றார். கையைக் கழுவினார். உள்ளே வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "சாப்பிடுறீங்களா?" என்றேன். "ம்" என்றார்.

அதே பழைய "ம்". மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. மீதி இரண்டு பெட்டியை எட்டியும் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் அங்கேயும் செத்த புழு இருக்கும் என்ற பயம், வேறென்ன? காலையில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நானே கொய்யா மரத்தடிக்குப் போனேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "தங்கம், அவர் இப்ப வரமாட்டாரு, நான்தான் வந்திருக்கேன்" என்றேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. எனக்கு அதுகளைத் திறந்து பார்க்கத் தெரியாது. போகிறது, வருகிறது, அது மட்டும்தான் தெரிந்தது. இதைப் படிப்பவர்கள் கவலையோடு இருக்கக் கூடாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டில் ஒரு கூட்டம் பிறகு காட்டுக்குப் பறந்து போனது, ஒன்று இன்றைக்கும் கொய்யா மரத்தடியில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. இந்த மனிதர் திரும்பி எழும்புவாரா என்பதும் தெரியாது.

ஒரு மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வந்து நின்றார். முகம் வாடிக் கிடந்தது. தன் இரண்டு பெட்டிகளையும் தன் கையாலேயே எரித்துவிட்டதாகச் சொன்னார். "தம்பி எங்க?" என்றார். உள்ளே கையைக் காட்டினேன். வாசலில் இருந்தபடியே கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தார். "இனி ஜெபம்தான்" என்று சொல்லிவிட்டு, உள்ளே வராமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று கொய்யா மரத்துப் பக்கம் நடந்தார். நடக்கும்போதே இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டார். பெட்டி மேல் கை வைத்து ஜெபம் பண்ணப் போகிறார்! ஹல்துமுல்லையில் சீக்குப் பெட்டியைத் தூக்கின கை, பஸ் கம்பியைப் பிடித்த கை.

பைப்பில் தொங்கின வலைப் பையிலிருந்து சோப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். "கழுவுங்க அண்ணி" என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அக்கா குரல் கேட்டு இவர் தலையைத் தூக்கியிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னா அண்ணி, பெட்டி மேல கைய வச்சா ஜெபம் பண்ணப் போறீங்க? பண்ணுங்க, பண்ணுங்க, நல்லா அழுத்தி வச்சுப் பண்ணுங்க!" என்றேன்.

"அக்கா! தொடாத!"

இவர் இடுப்புச் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல், என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். நாத்தனார் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"கையக் கழுவினியா? எந்தப் பெட்டியத் தொட்ட கையி அது? ஒனக்கு எத்தன தடவ சொல்றது? சீக்கு அடையத் தூக்கிக்கிட்டு மலை மலையா பஸ்ல வாரியே, ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா? நான் என்ன செத்தா போனேன்? ஜெபம் பண்ணு, வேணாங்கல, தள்ளி நின்னு பண்ணு! கர்த்தருக்குக் காது கேக்காதா?"

பண்டிகையிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் வந்துகொண்டே இருந்தது. கையைத் தூக்கியபடியே நாத்தனாரின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வாய் மட்டும் சிரித்தது. "திட்டு தம்பி, திட்டு" என்றார்.

இவர் பைப்புப் பக்கம் திரும்பினார். வலைப் பை வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

"ஏ புள்ள! சோப்பு எங்க? இங்கதானே தொங்கவிட்டிருந்தேன்? ஒரு பொருள வச்ச எடத்துல வைக்கிற பழக்கமே இல்ல இந்த வீட்டுல! காதுல விழுதா?"

நன்றாக விழுந்தது. சோப்பு என் முந்தானைக்குள் இருந்தது. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று பேசாமல் நின்றேன்.